வட்டியைத் தொடாமல் வெள்ளியைத் திருகும் நாடு: சிறிய திறந்த பொருளாதாரம் எப்படி நடக்கிறது?

2025 ஜனவரியிலும் மறுபடி ஏப்ரலிலும் சிங்கப்பூரின் மத்திய வங்கியான நாணய ஆணையம் தன் நாணயக் கொள்கையைத் தளர்த்தியது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிங்கப்பூரில் ஒரு பிள்ளையாவது வேலை பார்க்கும் வீடுகள் பல. அந்த வீடுகளில் இந்தச் செய்தியைப் படிப்பவர் இரண்டு விதமாகத் தடுமாற இடமிருக்கிறது. வட்டியைக் குறைத்துவிட்டார்கள் என்று நினைக்கலாம். அல்லது, வெள்ளியின் மதிப்பை இறக்கிவிட்டார்கள், இனி ஊருக்கு வரும் ரூபாய் குறையும் என்று கவலைப்படலாம். (சிங்கப்பூர் டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்பதால் இங்கும் அதே பெயர்.)

இரண்டுமே தவறு. ஆணையம் வட்டியை நிர்ணயிப்பதே இல்லை. வெள்ளியோ அந்த ஜனவரியில் 63 ரூபாய் அளவில் இருந்து, இரண்டு முறை தளர்த்திய பிறகும் ஜூலையில் 67 ரூபாயை ஒட்டி நின்றது.

அதே ஆண்டில் இன்னொரு புதிரும் வந்தது. சிங்கப்பூரின் வளர்ச்சி 1 முதல் 3 சதவீதம் இருக்கும் என்று சொல்லியிருந்த வர்த்தக தொழில் அமைச்சு, ஏப்ரலில் அதை 0 முதல் 2 சதவீதம் என்று வெட்டியது. ஆகஸ்டில் 1.5 முதல் 2.5 என்று திருத்தியது. நான்கு மாதத்தில் அந்தத் தீவுக்குள் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. மாறியதெல்லாம் வெளியே: ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்கா அறிவித்த சுங்கவரி, அதைத் தொடர்ந்த பேரங்கள். 2004 முதல் அமெரிக்காவுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் வைத்திருக்கும் நாடு, அமெரிக்கப் பொருளுக்குச் சுங்கவரி போடாத நாடு, அதற்கும் 10 சதவீதம் விழுந்தது.

இரண்டு புதிர்களுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் ஒரு 'சிறிய திறந்த பொருளாதாரம்'. இந்தச் சொற்றொடரை அவிழ்த்துப் பார்த்தால் இலங்கை 2022இல் ஏன் வீழ்ந்தது என்பதும், செட்டிநாட்டு வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்பதும்கூட ஓரளவு விளங்கும்.

'சிறிய' என்பதன் பொருள்

பரப்பளவில் சிங்கப்பூர் சிவகங்கை மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மாவட்டம் 4,189 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 735. ஆனால் பொருளியலில் 'சிறிய' என்ற சொல் பரப்பைக் குறிப்பதில்லை. உலகச் சந்தையின் விலையை அசைக்க முடியாத நாடு சிறியது. எண்ணெய்க்கும் அரிசிக்கும் மின்னணுச் சில்லுக்கும் உலகம் சொல்லும் விலையை அது வாங்கிக்கொள்ள வேண்டும். வட்டிக்கும் அப்படித்தான்: உலகில் பணத்துக்கு என்ன கூலியோ அதுதான் அதற்கும்.

'திறந்த' என்றால் சரக்கும் பணமும் எல்லையைத் தாராளமாகக் கடக்கின்றன. சிங்கப்பூரின் ஏற்றுமதியும் இறக்குமதியும் சேர்ந்து அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல் மூன்று மடங்குக்கு மேல். உற்பத்தியைவிட வணிகம் எப்படி அதிகமாக இருக்க முடியும் என்று கேட்பவர் நம்மூர்க் கடையை நினைத்துப் பார்க்கலாம். 100 ரூபாய்க்குச் சரக்கு எடுத்து 110 ரூபாய்க்கு விற்கும் கடையில் கொடுக்கல் வாங்கல் 210, சம்பாத்தியம் 10. உற்பத்திக் கணக்கில் ஏறுவது அந்தப் பத்து மட்டுமே.

சிறியதாகவும் திறந்ததாகவும் இருப்பதிலிருந்து மூன்று விளைவுகள் தாமாகவே வருகின்றன.

1. வெளிவிலை கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிடும். சிங்கப்பூர் தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி செய்கிறது. உலகச் சந்தையில் கோதுமை ஏறினால் சிராங்கூன் சாலையில் பரோட்டா ஏறும்.

2. உள்ளூரில் செலவைத் தூண்டி வளர்ச்சியை உண்டாக்க முடியாது. அரசு வீட்டுக்கு வீடு பணம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மக்கள் கைப்பேசி, குளிர்பதனப் பெட்டி, எண்ணெய் என்று வாங்குவார்கள். அவை எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்போலப் பணம் வெளியே ஒழுகிவிடும். கடைக்காரரின் இலாபமும் சுமைகூலியும் மட்டும் உள்ளே தங்கும். பெரிய நாட்டில் ஓட்டை சிறியது. இந்தியாவில் ஒருவர் செலவழிப்பதில் பெரும்பகுதி இன்னொரு இந்தியரின் வருமானமாகிறது.

3. ஆகவே வளர்ச்சிக்கு வெளியே வாங்குபவர் வேண்டும். அவர் வாங்க மறுத்தால் உள்ளே எவ்வளவு திறமையாக ஆண்டாலும் அந்த ஆண்டு போயிற்று. அமைச்சின் கணிப்பு நான்கு மாதத்தில் இறங்கி ஏறியதன் காரணம் இதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெரிய விற்பனையாளராக இருந்தாலே விலையைத் தீர்மானிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 1930க்கு முன் உலகில் மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. அந்த ஆண்டு உலக மந்தம் வந்தபோது நெல் விலை சில ஆண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே போனது. பர்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

ஊரில் விளைந்ததும் ஊருக்கு வந்ததும்

வளர்ச்சி என்று செய்தியில் சொல்லப்படுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியின் வளர்ச்சி. ஓர் எல்லைக்குள் ஓராண்டில் உண்டான பொருள், சேவைகளின் மதிப்பு அது. யார் உண்டாக்கினார், இலாபம் யாருக்குப் போயிற்று என்பதை அது கேட்பதில்லை. மொத்த தேசிய வருமானம் வேறு: எங்கே சம்பாதித்திருந்தாலும் இந்த ஊர்க்காரருக்குச் சேர்ந்தது எவ்வளவு என்பது அதன் கேள்வி.

பெரிய நாட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். சிறிய திறந்த பொருளாதாரத்தில் இரண்டும் கிழக்கும் மேற்குமாகப் போகலாம்.

அயர்லாந்து ஒரு முனை. 2015இல் அதன் உள்நாட்டு உற்பத்தி 26 சதவீதம் வளர்ந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டது. வயலிலோ ஆலையிலோ அதிசயம் எதுவும் நடக்கவில்லை. 12.5 சதவீத நிறுவன வரிக்காகப் பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளையும் சொத்துகளையும் கணக்கில் அங்கே மாற்றிக்கொண்டன. இலாபம் அயர்லாந்தில் 'விளைந்து' வேறெங்கோ போயிற்று. நகைப்புக்கு ஆளான அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் பிறகு திருத்திய தேசிய வருமானம் என்று தனியாக ஓர் அளவையே வெளியிட ஆரம்பித்தது.

மறுமுனையில் 1920களின் செட்டிநாடு. மழையை நம்பிய செம்மண் பூமி, ஊருணித் தண்ணீர், சொல்லிக்கொள்ளும்படி ஆலை எதுவும் இல்லை. உள்ளூர் உற்பத்தி என்று கணக்கெடுத்தால் தமிழ்நாட்டின் வறண்ட வட்டாரங்களில் ஒன்றாகவே வரும். ஆனால் வருமானம்? கடல் கடந்து தொழிலுக்குப் போவதைக் 'கொண்டுவிற்கப் போவது' என்பார்கள். ரங்கூன், மௌல்மீன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று விரிந்திருந்த வட்டிக்கடைகளின் ஐந்தொகை (வரவுசெலவுக் கணக்கு) முடிந்து வந்த இலாபம் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பர்மாத் தேக்குத் தூணாகவும் இத்தாலியச் சலவைக்கல்லாகவும் நின்றது. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் செட்டியார்களின் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்று அந்நாட்டு வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அன்றைய 75 கோடி!

உற்பத்தி இல்லாத ஊரில் வருமானம். அயர்லாந்தை அப்படியே தலைகீழாக்கினால் செட்டிநாடு. சிங்கப்பூர் இரண்டுக்கும் நடுவே, அயர்லாந்துப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது: அங்கிருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் இலாபம் உற்பத்திக் கணக்கில் ஏறி, பிறகு வெளியே போகிறது.

மூன்று ஆசை, இரண்டு வரம்

நாணயக் கொள்கை பற்றிய பகுதி இனி. இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விதி போதும். 1960களில் ராபர்ட் மண்டல், மார்கஸ் ஃபிளெமிங் ஆகிய பொருளியலாளர்களின் ஆய்விலிருந்து பிறந்தது இது. ஒரு நாடு மூன்றை விரும்பலாம்:

1. தன் நாணயத்தின் மாற்று விகிதம் நிலையாக இருக்க வேண்டும்.
2. பணம் எல்லையைத் தடையின்றிக் கடக்க வேண்டும்.
3. வட்டி விகிதத்தைத் தானே தீர்மானிக்க வேண்டும்.

மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

ஏன் என்பதை வட்டிக்கடைக் கணக்கிலேயே பார்க்கலாம். ரங்கூனில் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயிக்கும் வழக்கம் இருந்தது. முருகன் சந்நிதியில் ஒரு மத்திய வங்கிக் கூட்டம் என்றே சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு இருந்த சுதந்திரம் எவ்வளவு? பர்மாவில் அன்று புழங்கியது இந்திய ரூபாய். எனவே மாற்று விகிதம் நிலையானது. உண்டியல் (ஓரிடத்தில் கட்டிய பணத்தை வேறிடத்தில் கொடுக்கச் சொல்லும் சீட்டு) எழுதி அனுப்பினால் பணம் சென்னைக்கும் ரங்கூனுக்கும் இடையே சுளுவாகப் போய்வந்தது. இந்த இரண்டும் இருந்தால் மூன்றாவது போயிற்று. சென்னையில் வட்டி ஏறியிருக்கும்போது ரங்கூனில் மட்டும் குறைத்து வைத்தால் முதலீடு சென்னைக்குக் கிளம்பிவிடும். ரங்கூனில் பணம் இறுகி, வட்டி தானாக ஏறும். கூட்டம் நிர்ணயித்ததைவிடக் கண்டுகொண்டது என்பதே பொருத்தம்.

மலாயாவிலும் இதே கதைதான், நாணயம் மட்டும் வேறு. 1906 முதல் அங்கத்திய வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. 1927 முதல் இந்திய ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ். 28 பென்ஸை 18ஆல் வகுத்தால் 100 வெள்ளிக்கு ஏறக்குறைய 155 ரூபாய் 9 அணா. பேரேட்டில் இந்தக் கணக்கை ஆண்டுக்கணக்கில் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மாற்று விகித ஆபத்து என்ற ஒன்றையே அறியாமல் ஒரு தலைமுறை தொழில் செய்தது. அந்த நிம்மதிக்குக் கொடுத்த விலை: மந்தம் வந்தபோது வட்டியையோ நாணயத்தையோ தளர்த்தி அடியை மென்மையாக்க ரங்கூனிலோ சிங்கப்பூரிலோ யாருக்கும் அதிகாரம் இல்லை. அடி முழுக்க நெல் விலையில் விழுந்தது. விலை விழுந்ததும் கடன் திரும்பவில்லை. கடனுக்கு ஈடாக நிலம் வந்தது: கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1930களின் இறுதியில் 25 சதவீதத்தை எட்டியது. ரொக்கமாகத் திரும்ப வேண்டிய முதலீடு சேற்றில் சிக்கியது. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள், 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. பிறகு நடந்ததை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. எந்தச் செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையிலும் கேட்கலாம்.

சிங்கப்பூர் எதை விட்டுக்கொடுத்தது?

நாணய ஆணையம் 1971இல் நிறுவப்பட்டது. 1981 முதல் அது வட்டியைக் கைவிட்டு, மாற்று விகிதத்தைக் கருவியாக எடுத்துக்கொண்டது. காரணம் எளிது. உள்ளே விற்கும் பொருளெல்லாம் வெளியிலிருந்து வரும் நாட்டில், விலைவாசியைப் பிடிக்க நேரான கைப்பிடி நாணயத்தின் மதிப்புதான். வட்டியை ஏற்றி மக்கள் செலவைச் சுருக்கி விலையைக் குறைப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது.

முறை இப்படி:

1. கூடை. வெள்ளியை அமெரிக்க டாலர் ஒன்றோடு மட்டும் ஒப்பிடாமல், வணிகக் கூட்டாளி நாடுகளின் நாணயங்களைக் கலந்த ஒரு கூடையோடு ஒப்பிடுகிறார்கள். எந்த நாணயத்துக்கு எவ்வளவு பங்கு என்பது இரகசியம்.

2. பட்டை. கூடைக்கு எதிரே வெள்ளி ஏறி இறங்க ஓர் எல்லை உண்டு. அந்தப் பட்டைக்குள் சந்தை விருப்பப்படி நகரலாம். எல்லையைத் தாண்டப் பார்த்தால் ஆணையம் வெள்ளியை வாங்கியோ விற்றோ உள்ளே தள்ளும். இதன் அகலத்தையும் வெளியிடுவதில்லை.

3. சாய்வு. பட்டை படுக்கையாக இல்லை; காலப்போக்கில் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அதாவது வெள்ளி மெதுவாக வலுக்க விடப்படுகிறது.

வாகனத்தின் வேகத்தோடு ஒப்பிட்டால் 'தளர்த்துதல்' என்ற சொல் சரியாக விளங்கும். சாய்வைக் குறைப்பது என்றால் வண்டியைப் பின்னோக்கி ஓட்டுவது அல்ல. முன்னோக்கிய வேகத்தைக் குறைப்பது. 2025 ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடந்தது அதுதான். கூடைக்கு எதிரே வெள்ளி இன்னமும் ஏறலாம், முன்பைவிட மெதுவாக. அதே மாதங்களில் அமெரிக்க டாலர் உலகெங்கும் பலவீனமடைந்தது. ரூபாய் அந்த வாய்ப்பில் பலன் அடையவில்லை. ஆகவே கூடைக்கு எதிரே வெள்ளியின் வேகம் தணிக்கப்பட்டபோதே ரூபாய்க்கு எதிரே அது ஏறியது. சிங்கப்பூர் தளர்த்தினால் நமக்கு ரூபாய் குறையும் என்ற கணக்கு தவறுவது இங்கேதான். வெள்ளி–ரூபாய் விலையில் ஒரு கை சிங்கப்பூருடையது. மறு கை மும்பையில் ரிசர்வ் வங்கிப் பக்கம் இருக்கிறது.

2021 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்குள் ஐந்து முறை ஆணையம் கொள்கையை இறுக்கியதையும் இதே முறையில் படிக்கலாம். உலக விலைகள் எகிறிய காலம் அது. உதாரணமாக, வெளியே ஒரு பொருளின் விலை 8 சதவீதம் ஏறி, வெள்ளி 3 சதவீதம் வலுத்தால், உள்ளே வந்து சேரும் விலையேற்றம் 5 சதவீதத்தை ஒட்டி நிற்கும். நாணயமே தடுப்பணை.

அப்படியானால் அங்கே வட்டி? அது உலகத்தைப் பார்த்துத் தானாக அமைகிறது. அமெரிக்காவில் வட்டி 5 சதவீதம், டாலருக்கு எதிரே வெள்ளி ஆண்டுக்கு 2 சதவீதம் வலுக்கும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்றால், சிங்கப்பூரில் 3 சதவீத வட்டிக்கே ஆள் பணத்தை வைப்பார். மீதி 2 நாணய உயர்விலிருந்து கிடைக்கும். அங்கே வீட்டுக்கடன் வட்டி பெரும்பாலும் அமெரிக்காவைவிடக் குறைவாக இருப்பதன் பின்னணியில் இந்த எதிர்பார்ப்பு இருக்கிறது. சாய்வைக் குறைத்தால் அந்த இடைவெளி சுருங்கலாம். 'தளர்த்தல்' என்ற அறிவிப்பு வந்தாலே வீட்டுக்கடன் மலிவாகும் என்று எதிர்பார்ப்பவர் இதனால் ஏமாறவும் கூடும்.

ஆனால் வலுக்கும் நாணயத்துக்கு விலை உண்டு. ஏற்றுமதியாளருக்குச் செலவு ஏறும். 1985இல் சிங்கப்பூர் விடுதலைக்குப் பிறகான முதல் மந்தத்தைச் சந்தித்தபோது இது வெடித்தது. கூலி உற்பத்தித் திறனைத் தாண்டி ஓடியிருந்தது. நாணயத்தைச் சரித்துப் போட்டியில் மீள்வது பல நாடுகளின் வழக்கம். சிங்கப்பூர் வேறு கதவைத் திறந்தது: 1986இல் மத்திய சேம நிதிக்கு முதலாளிகள் கட்டும் பங்கை 25 சதவீதத்திலிருந்து ஒரே வெட்டில் 10 சதவீதமாக்கியது. தொழிலாளியின் கைச்சம்பளம் குறையவில்லை. ஓய்வுக்கால, வீட்டுக்கான சேமிப்பு குறைந்தது. இதை அறிவார்ந்த நடவடிக்கை என்று பாராட்டுபவர்கள் அந்த வெட்டு யார் பையிலிருந்து போயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எதிர்ப்பைத் தாங்கும் அரசியல் பலம் இல்லாத நாட்டில் இந்தக் கருவி வேலை செய்யாது.

மூன்றையும் பிடித்துக்கொள்ளப் பார்த்த இலங்கை

தொண்டியிலிருந்து பார்த்தால் பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கும் நாடு, சிங்கப்பூரைப் போலவே சிறியது, திறந்தது. கொழும்பில் செட்டியார் தெரு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அங்கே நடந்தது பாடப்புத்தகத்தில் சேர்க்கத் தக்கது.

2019 டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆக இறக்கப்பட்டது. அரசின் வருவாய் விழுந்தது. அடுத்து பெருந்தொற்றில் சுற்றுலா நின்றது. பற்றாக்குறைக்கு மத்திய வங்கி பணம் அச்சிட்டது, வட்டியைத் தாழ்த்தி வைத்தது. 2021இல் இரசாயன உரத் தடை வேறு விளைச்சலைக் கெடுத்தது. வட்டி தாழ்வு, கையில் பணம் மிகுதி; ஆகவே டாலர் தேவை கூடியது. இந்த நிலையில் நாணயம் சரிவதே இயல்பு. ஆனால் டாலர் 200 இலங்கை ரூபாய் அளவிலேயே மாதக்கணக்கில் கட்டி வைக்கப்பட்டது. மத்திய வங்கியின் டாலர் கையிருப்பை விற்றுத்தான் அப்படிக் கட்டிவைக்க முடியும். 2019 முடிவில் சுமார் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பில், 2022 மே மாதம் பயன்படுத்தத் தக்கதாக 5 கோடி டாலர்கூட இல்லை.

இதில் நமக்குப் பரிச்சயமான ஒரு பாத்திரம் நுழைகிறது. வங்கி ஒரு டாலருக்கு 200 ரூபாய் தந்தபோது வெளிச்சந்தை அதைவிட அதிகம் தந்தது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கியை விட்டு உண்டியல் வழிக்கு மாறினார்கள். வங்கி வழியே வந்த பணம் 2020இல் சுமார் 710 கோடி டாலர். 2021இல் 550 கோடி. 2022இல் 380 கோடி. உழைத்தவர்களும் அனுப்பியவர்களும் குறைந்து போகவில்லை. தவறான விலை நேர்வழியை அடைத்துவிட்டது.

2022 மார்ச் 7இல் கட்டு அவிழ்ந்தது. இரண்டே மாதத்தில் டாலர் 360 ரூபாய்க்குப் போனது. ஏப்ரலில் வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றினார்கள். அதே மாதம் வெளிக்கடன் தவணையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது.

சிங்கப்பூரும் நாணயத்தைக் கட்டுப்படுத்துகிறது, இலங்கையும் கட்டுப்படுத்தியது. வேறுபாடு என்ன? சிங்கப்பூர் வட்டியை விட்டுவிட்டுத்தான் நாணயத்தைப் பிடித்தது; பிடிக்கத் தேவையான கையிருப்பும், அதைக் கரைக்காத வரவுசெலவுத் திட்டமும் அதனிடம் இருந்தன. இலங்கை எதையும் விடவில்லை. சிறிய நாட்டின் கொள்கையைப் பற்றி எந்த அறிவிப்பு வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எதைப் பிடிக்கிறீர்கள் என்பதை அல்ல, எதை விடுகிறீர்கள்?

நாணயம் இல்லாத சிறிய பொருளாதாரம்: செட்டிநாடு

ஒரு மாவட்டத்துக்குத் தனி நாணயமும் வட்டியும் கிடையாது. காரைக்குடியும் கானாடுகாத்தானும் இந்திய ரூபாய் என்ற பெரிய வீட்டின் ஒரு கட்டு. ஆனால் திறந்த தன்மையில் இந்த வட்டாரம் பல நாடுகளை விஞ்சும். 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது அதன் கிளைகள் ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் திறக்கப்பட்டன. அன்னியச் செலாவணிக்கென்றே தொடங்கிய ஒரு வங்கி முதல் நாளே காரைக்குடி என்ற சிறிய ஊரில் கிளை திறக்கக் காரணம் இருந்தது.

வெளிப்பணத்தில் வாழும் வட்டாரத்தில் இன்றும் ஒரு நோய் தொற்றக்கூடும். 1959இல் நெதர்லாந்தில் பெரிய எரிவாயு வயல் கிடைத்தது. அதன் வருமானம் பெருகியபோது அந்நாட்டின் மற்ற ஆலைகள் நலிந்தன. அதிலிருந்து 'டச்சு நோய்' என்ற பெயர் வந்தது. நாணயம் இல்லாத வட்டாரத்தில் அது நுழையும் வழி இது. பொருள்கள் இரண்டு வகை. சோப்பு, துணி, கைப்பேசி போன்றவற்றின் விலை வெளியே தீர்மானிக்கப்படுவது. எவ்வளவு வெளிப்பணம் வந்தாலும் ஏறாது. மனை, கட்டடக் கூலி, சமையலாள் சம்பளம், மண்டப வாடகை ஆகியவை உள்ளூரிலேயே விலை தீர்வன. வெளிப்பணம் வந்தால் இவை ஏறும். ஏறியதும், வெளியூருக்கு விற்க ஏதாவது செய்பவருக்குச் செலவு கூடும், விற்கும் விலையோ கூடாது. அவர் மெல்லத் தொழிலை விடுவார். அவருடைய மகன் வெளிநாடு போவான். அவன் அனுப்பும் பணம் மனை விலையை இன்னும் ஏற்றும்.

ஆத்தங்குடிக் கல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கண்ணாடிப் பலகை மேல் சாயம் ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, கையால் செய்து, நீரில் ஊறவைத்து உலர்த்தும் கல் அது. முழுக்க முழுக்க ஆளின் கைவேலை. கூலி ஏறினால் ஆலையில் சுட்ட ஓட்டோடு விலையில் போட்டியிட முடியாது. ஆகவே அது விலையில் போட்டியிடுவதை விட்டு, வேறெங்கும் கிடைக்காத கல் என்ற பெயரில் விற்றாக வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும் பாதை இதுவே. சிங்கப்பூர் 1985க்குப் பிறகு மலிவுக் கூலி வேலைகளைக் கைவிட்டு ஏறிய படியும் அடிப்படையில் இதுதான், அளவு வேறு.

வெளிப்பணம் ஊரில் திறனாக மாறிய ஓர் இடமும் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது; 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறக்கப்பட்டது. அதே காலத்து மாளிகைகள் பலவற்றில் இன்று ஆண்டுக்கு ஒரு முறை படைப்புக்கு (முன்னோருக்குப் படையலிடும் வழிபாட்டுக்கு) மட்டும் கதவு திறக்கிறது. மாளிகை கட்டியது தவறு என்று சொல்ல வரவில்லை. எனக்கும் அந்த வளவுகள் பிடிக்கும். ஆனால் வளர்ச்சிக் கணக்கில் வீடு ஒரு முறை எழுதப்படும் செலவு. ஆய்வகமும் கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியே விற்கத்தக்க ஒன்றை உண்டாக்குகின்றன.

மாற்று விகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005இல் ஒரு வெள்ளி சுமார் 27 ரூபாய். 2015இல் 46, 47. 2025 நடுவில் 67. இருபது ஆண்டில் இரண்டரை மடங்கு. மாதம் 500 வெள்ளி அனுப்பும் வீட்டில் 13,500 ரூபாய் 33,500 ஆகியிருக்கிறது. அதில் ஒரு பகுதி சிங்கப்பூர் தன் நாணயத்தை வலுக்க விட்டதால் வந்தது: ஓர் அமெரிக்க டாலர் வாங்க 2005இல் 1.66 வெள்ளி தேவைப்பட்டது, 2025 நடுவில் 1.29 போதும். பெரிய பகுதி ரூபாய் தேய்ந்ததால் வந்தது: டாலர் 44 ரூபாயிலிருந்து 86க்குப் போயிற்று. ரூபாய் தேய்ந்ததால் கிடைத்த கூடுதல் தொகை பெட்ரோலிலும் சமையல் எண்ணெயிலும் ஓரளவு திரும்பப் பறிக்கப்படுகிறது. அனுப்புபவர் இல்லாத அடுத்த வீட்டுக்காரர் கூடுதல் எதுவும் பெறாமலே அந்த விலையைக் கொடுக்கிறார்.

அடுத்த அறிவிப்பை எப்படிப் படிப்பது?

2024 முதல் ஆணையத்தின் அறிக்கை ஆண்டுக்கு நான்கு முறை வருகிறது: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். அதில் மூன்று சொற்களைத் தேடினால் போதும்.

1. சாய்வு: வெள்ளி வலுக்கும் வேகம் மாறுகிறதா? இதுதான் வழக்கமான மாற்றம்.
2. நடுப்புள்ளி: பட்டையையே மேலேயோ கீழேயோ தூக்கி வைக்கிறார்களா? அரிது. 2020 மார்ச்சில் கீழே இறக்கினார்கள், 2022இல் மேலே ஏற்றினார்கள். இந்தச் சொல் வந்தால் வெள்ளியின் விலை அன்றே அசையும்.
3. அகலம்: பட்டையை விரிக்கிறார்களா? உலகம் எந்தப் பக்கம் போகும் என்று அவர்களுக்கே தெரியாதபோது செய்வது.

வீட்டுக்குப் பணம் அனுப்புவதற்கு நாள் பார்ப்பவர்கள், சாய்வு மட்டும் மாறியிருந்தால் அதற்காக அவசரப்படவோ காத்திருக்கவோ வேண்டியதில்லை. அந்த வாரம் ரூபாய் எந்தப் பக்கம் போகிறது என்பதே ஊருக்கு வரும் தொகையை அதிகம் அசைக்கும்.